மின்சாரத் தாயத்து

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சொறி, சிரங்கு, படை, தேமல் ஆகியவற்றைப் பற்றியதாகும். சுயமரியாதைக் கூட்டத்தில் சொறி சிரங்கா என்று சிலர் சிரிக்கலாம். மனிதனுடைய மானமே அவனுடைய தோலைப் பொறுத்தது என்று செய்து வைத்திருக்கிற நாட்டில் இதைவிடப் பொருத்தமான விஷயம் வேறென்ன இருக்கிறது?

உடம்பில் ஒரு வெளுத்த திட்டுக் கண்டால் முற்பிறப்பின் பாவம் என்கிறான் புரோகிதன். நாகதோஷம் என்கிறான் சோதிடன். வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் கட்டி கரையுமாம். உப்பும் மிளகும் கொட்டினால் மரு உதிருமாம். இவற்றையெல்லாம் நாம் நெடுநாளாகக் கண்டித்து வருகிறோம். இன்று எனக்குக் கவலை கோயிலுக்குப் போகாத நம் தோழர்களைப் பற்றித்தான்.

நம் தோழர் ஒருவர் தாயத்தை அறுத்தெறிந்து விடுகிறார். மறுவாரம் தபாலில் ஒரு மின்சாரப் பெட்டி வருகிறது. விசையைத் தட்டினால் கண்ணாடிக் குழாய் ஊதா நிறமாக ஒளி விடுகிறது. படபடவென்று பொறி தெறிக்கிறது. முகப்பரு, பொடுகு, கரப்பான், காளாஞ்சகப்படை, வழுக்கை எல்லாவற்றிற்கும் இது ஒன்றே போதும் என்று கூட வந்த புத்தகம் கூறுகிறது. வயிற்று வலிக்கும், வழக்கு ஜெயிப்பதற்கும் ஒரே தாயத்தைக் கட்டிய மந்திரவாதிக்கும் இந்தப் புத்தகத்திற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், “இது விஞ்ஞானமாயிற்றே!” என்கிறார். மின்சாரம் விஞ்ஞானந்தான். கோயிலில் மின்சார விளக்குப் போட்டுவிட்டதால் அங்கு நடக்கும் பூசையும் விஞ்ஞானமாகி விட்டதா?

இந்த வியாபாரம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றி இத்தாலியில் கால்வானி என்பவர் 1791-ல் எழுதினார். 5 வருஷத்திற்குள், அமெரிக்காவில் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்க்கின்ஸ் என்னும் வைத்தியர், உடம்பின்மேல் இழுத்தால் நோயை இழுத்துவிடும் என்று சொல்லி இரண்டு உலோகக் குச்சிகளுக்கு உரிமைச் சாசனம் வாங்கிவிட்டார். அவர் மகன் லண்டனில் ஒரு ஜோடி 5 கினி என்று விற்றார். பெரிய மனிதர்கள் வாங்கினார்கள். பாதிரிமார்கள் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார்கள்.

1799-ல் ஜான் ஹேகார்த் என்ற டாக்டர் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு காரியம் செய்தார். மரக்குச்சிகளுக்கு உலோகம் போலச் சாயம் பூசி, கீல்வாயுக்காரர் 5 பேருக்கு இழுத்துப் பார்த்தார். 4 பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் குச்சியால் இழுத்தார்; பலன் அதேதான். கட்டைக்கும் உலோகத்திற்கும் ஒரே பலன் என்றால் அந்த 5 கினி எதற்கு? பெர்க்கின்ஸை நான் மோசக்காரர் என்று சொல்ல மாட்டேன். அதே வருஷம் நியூயார்க்கில் மஞ்சள் ஜுரம் பரவியபோது தன் சொந்த மருந்தோடு அங்கே போய், அந்த ஜுரத்திலேயே செத்தார். தானே நம்பியவன்தான் பிறரை நன்றாக நம்ப வைக்கிறான்.

“எனக்குக் குணமாயிற்றே, அதற்கென்ன சொல்லுகிறாய்?” என்பீர்கள். தோல் வியாதிகளில் பல தாமாகவே ஏறி இறங்கும் தன்மையுள்ளவை. கரப்பானும் காளாஞ்சகமும் சில மாதம் பொங்கும், சில மாதம் அடங்கும். பிள்ளைகளுக்கு வரும் மருவில் பெரும்பாலானது இரண்டொரு வருஷத்தில் தானே உதிர்ந்து விடும். மனிதன் பெட்டியைத் தேடுவது வியாதி பொங்கி நிற்கும்போதுதான். அடுத்தபடி அது இறங்கத்தானே வேண்டும்? இறங்கினால் பெயர் பெட்டிக்கு, உப்பு மிளகுக்கு, அல்லது எருக்கம்பாலுக்கு!

சோதித்துத்தான் பார்ப்பேன் என்கிறவருக்கு ஒரு வழி சொல்லுகிறேன். இரண்டு கையிலும் ஒரே மாதிரிப் படை இருந்தால், ஒரு கைக்கு மட்டும் செய்து மறு கையைச் சும்மா விடுங்கள். எந்தக் கை என்று தெரியாத ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பெட்டி விற்கிறவன் இதற்குச் சம்மதிக்கிறானா என்று முதலில் கேளுங்கள்!

மின்சாரத்தால் தோலுக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. தோலில் வரும் காசநோய்க்கு மின்சார வில்விளக்கின் ஒளியால் வைத்தியம் செய்ததற்காக டென்மார்க்கின் ஃபின்சென் 1903-ல் நோபல் பரிசு பெற்றார். பின்பு மருந்துகள் வந்தன. அந்த விளக்கு ஓய்வு பெற்றது. காளாஞ்சகத்திற்குப் புற ஊதாக் கதிர் வைத்தியம் இன்றும் நடக்கிறது. உள்ளங்கை ஓயாமல் வியர்ப்பவர்களுக்குச் சாதாரணத் தண்ணீர்த் தட்டுகளில் கைகளை வைத்து 15, 20 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரத்தைச் சுமார் 20 நிமிஷம் செலுத்தினால், சில வாரத்தில் வியர்வை குறைகிறது. இதை ஒரு கையில் மின்சாரம், மறு கையில் பாசாங்கு என்று வைத்தே சோதித்திருக்கிறார்கள். ஆனால் நிறுத்தினால் வியர்வை திரும்பும். இருதயத்தில் கருவி வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் செய்யலாகாது. 230 வோல்ட் வீட்டுக் கம்பியிலிருந்து தாமே ஒயர் இழுத்துத் தண்ணீரில் கை வைக்கிறவருக்கு வியர்வை ஒரேயடியாக நின்றுவிடும்!

நாட்டு மருந்தானாலும், சீமை மருந்தானாலும் கேள்வி ஒன்றுதான். துணிக்குக் குறி போடும் சேங்கொட்டையின் பாலைத் தடவித் தோல் வெந்தவர்கள் உண்டு. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரையில் போட்டால், இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். படையோ உள்ளே தங்கி ஊரெல்லாம் பரவும்.

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். உணர்ச்சியற்ற திட்டு தொழுநோயாக இருக்கலாம். அது பாவமுமல்ல, சாபமுமல்ல. அதன் கிருமியை நார்வே நாட்டு ஹான்சென் 1873-லேயே கண்டுபிடித்தார். 1981 முதல் கூட்டு மருந்து சிபாரிசு செய்யப்பட்டிருக்கிறது, 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும், மருந்து இலவசம். இருந்தும் இந்து விவாகச் சட்டத்தில் இதைக் காரணமாகக் காட்டித் தள்ளி வைக்கும் விதியை எடுக்க நமக்கு 2019 வரை ஆயிற்று! பெட்டியிலும் களிம்பிலும் ஒரு வருஷம் போக்கினால் அதற்குள் நரம்பு கெட்டு விரல் மடங்கும். மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது. வெண்புள்ளி என்பது வேறு: அதில் உணர்ச்சி குறையாது, அது ஒட்டாது, கல்யாணத்திற்குத் தடையுமல்ல.

ஆகவே வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி, உங்கள் கண்ணுக்குத் தெரியாத முதுகை வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்ததோ சிவந்ததோ திட்டு இருந்தால், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, அவர்கள் கோழி இறகால் அதைத் தொடட்டும். தொட்டது தெரியாவிட்டால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.