போபாலை மறவோம்



இன்று டிசம்பர் 2. 1984-ஆம் ஆண்டு இதே நாள் நள்ளிரவு. மத்தியப் பிரதேசத்தில் போபால் நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே பூச்சிமருந்து தயாரித்த யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்தது. கண் எரிந்தது. மூச்சு முட்டியது. மக்கள் தெருவில் ஓடினார்கள். ஓட ஓட விஷம் உள்ளே போனது. ஈரத்துணியால் முகத்தை மூடியிருந்தால் ஓரளவு காத்திருக்கும். அதை யாரும் முன்பே சொல்லி வைக்கவில்லை. அரசுக் கணக்கிலேயே 3,787 பேர் இறந்தார்கள். நோயோடு வாழ்வோர் இன்றும் உண்டு.

அவர்களை நினைத்து விளக்கு ஏற்றுவோம். அதோடு ஒரு வேலையும் செய்வோம்.

நம் வீடுகளிலும் பூச்சிமருந்து டப்பா இருக்கிறது. அதன்மேல் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். கட்டத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பச்சையும் விஷம்தான்.

ஞாயிறு காலை இருவர் இருவராக வீடு வீடாகப் போவோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவோம். காலி டப்பாவில் தண்ணீர், எண்ணெய் வைக்காதீர்கள் என்று சொல்வோம். டப்பாவைக் கிணற்றில், குளத்தில் கழுவாதீர்கள் என்றும் சொல்வோம்.

அன்று போபால் மக்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நம் ஊரில் நாம் இருக்கிறோம்.