பயிற்சிக்கு வித்து இன்பமா?

(சங்கத்தின் விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு என் மகன், “ஓடுவதில் வேடிக்கை இல்லை, அப்பா” என்று கூறி விடியற்காலைப் பயிற்சியை நிறுத்திவிட்டான். நான் அவனைச் சோம்பேறி என்று கடிந்தேன். அது முறைதானா என்னும் ஐயமே இவ்வுரைக்குக் காரணம்.

செக்கோஸ்லோவாகியா நாட்டு எமில் ஜாட்டோபெக், இளமையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே பந்தயத்தில் ஓடுமாறு பணித்தபோது, தமக்கு வலுவில்லை என்று மறுத்தார். மருத்துவர் உடல் நலமே என்று கூறிவிட்டமையால் வேறு வழியின்றி ஓடினார். ஓடத் தொடங்கியதும் வெல்லும் வேட்கை பிறந்தது, இரண்டாவதாக வந்தார். பின்னர் 400 மீட்டரை விரைந்து ஓடுவதும், சிறிது மெல்ல ஓடுவதும், மீண்டும் விரைவதுமாக ஒரே நாளில் பன்முறை பயின்றார்; படைவீரரின் கனத்த காலணியுடனும் ஓடினார். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், அதுவரை ஓடியே அறியாத மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

தென்னக இரயில்வேயில் பணியாற்றிய பி. டி. உஷா, 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் முடித்தார். வெண்கலம் பெற்றவர் 55.41 வினாடியில் முடித்திருந்தார். வேடிக்கைக்காக ஓடியவராயின் அன்றே விட்டிருப்பார். அவரோ 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார்.

அன்பர்களே! வேடிக்கை வேறு, இன்பம் வேறு. மூச்சு வாங்குவதிலும் கால் கடுப்பதிலும் வேடிக்கை ஏது? நேற்று இயலாதது இன்று இயன்றது என்று காணும்போது எழுவதே இன்பம். சில திங்கள் பயின்றவனுக்கே அது கிட்டும். ஆகவே, இன்பம் பயிற்சியின் வித்தன்று; விளைவே ஆகும். எனினும், அவ்விளைவே மறுநாள் பயிற்சிக்கு வித்தாகிறது.

பெற்றோர்க்கு ஒரு சொல். ஜாட்டோபெக்கை ஓடச் சொல்லப் பிறரால் இயன்றது. வெல்லும் வேட்கையை அவருள் வைக்க எவராலும் இயலவில்லை. அது தானே எழுந்தது. இதனை உணர்ந்து, கடிந்தமைக்கு என் மகனிடம் வருந்தினேன். “ஒரு திங்கள் ஓடிப்பார்; அதன்பின்னும் உள்ளம் நாடாவிடில் விட்டுவிடு” என்றேன்.

இன்றைய பந்தயத்தில் அவன் பரிசு பெறவில்லை. ஆயினும், நாளை ஐந்து மணிக்குத் தன்னை எழுப்புமாறு கூறியிருக்கிறான்.