வீட்டுச் சூரிய மின்கலம்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

(மேற்கு சிட்னியில் வாழும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுக்காக நூலக மண்டபத்தில் மின்பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டு மின்கலங்களுக்கான மத்திய அரசின் விலைச் சலுகை 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. விற்பனையாளரிடம் பேசத் தொடங்கியதும் அவர் கேட்கும் முதற்கேள்வி, எவ்வளவு பெரிய மின்கலம் வேண்டும் என்பதாகவே இருக்கும். அதற்கு விடை சொல்லும் முன் வேறொரு கேள்வியை உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள்: மின்சாரம் நின்றுபோன இரவில் நம் வீட்டில் எது ஓடியே ஆக வேண்டும்?

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இன்வெர்ட்டர் என்ற சொல்லை நம்மில் பலர் ஊரிலிருந்தே கொண்டுவந்தோம். தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் வீட்டின் ஒரு மூலையில் இன்வெர்ட்டரும், அதனருகே காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பேண வேண்டிய ஈய அமில மின்கலமும் இருக்கும். மின்சாரம் நின்ற மறுகணமே மின்விசிறி மீண்டும் சுழலும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களோ மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். அவர்களுக்கு இன்வெர்ட்டரே பெரும் வசதி. அந்த நினைவோடு இங்குள்ள இன்வெர்ட்டரைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இந்நாட்டில் தெரு மின்சாரத்துடன் இணைக்கப்பட்ட சாதாரணச் சூரிய இன்வெர்ட்டர், தெருவில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் பணியாளர் மீது உங்கள் கூரையின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நண்பகல் வெயில் கொளுத்தினாலும் குளிர்சாதனப் பெட்டி ஓடாது.

மின்கலம் வாங்குவதால் மட்டும் இந்நிலை மாறிவிடாது. வீட்டைத் தெரு மின்சாரத்திலிருந்து துண்டித்துத் தனியே இயங்கச் செய்யும் சாதனமும், அதனுடன் இணைந்த காப்புச் சுற்றும் வேண்டும். விலைமதிப்பீட்டில் ‘பேக்கப்’ என்று ஒரு சொல் இருந்தால் போதாது. எந்தெந்தச் சுற்றுகளுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். சில அமைப்புகள் முழு வீட்டையும் தாங்கும். சில, ஒரு சுற்றை மட்டும் தாங்கும். மூன்று கட்ட மின்னிணைப்பு உள்ள வீடுகளில் ஒரு கட்டத்துக்கு மட்டுமே காப்பு கிடைப்பதும் உண்டு. அந்தக் கட்டத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் அதிலுள்ள இன்சுலினுக்கு மின்கலத்தால் எந்தப் பயனும் இல்லை. வீட்டில் பிராணவாயுக் கருவியோ சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவியோ இருந்தால், மின்கலம் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், உயிர்காப்புக் கருவி உள்ள வீடாக உங்கள் மின்விநியோக நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள்.

இனி அளவு. சூரிய மின்சாரத்தைத் தெருவுக்கு விற்பதே இலாபம் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் உண்டு. 2010இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு யூனிட்டுக்கு 60 சதம் வரை கொடுத்த காலம் ஒன்று இருந்தது; அத்திட்டம் 2016 இறுதியில் முடிந்தது. இன்று விற்கும் விலை சில சதங்கள்தான். வாங்கும் விலை அதைப் போலப் பல மடங்கு. ஆகவே பகலில் மிஞ்சுவதைச் சேமித்து இரவில் பயன்படுத்துவதே கணக்கு. உங்கள் வீட்டு ஸ்மார்ட் மீட்டரின் அரைமணி நேரப் பதிவுகளை விநியோக நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். மாலை ஐந்து மணி முதல் காலை ஏழு மணி வரை செலவாவதைக் கூட்டிப் பாருங்கள். சோறு வேகவைக்கும் 700 வாட் குக்கர் அரைமணி ஓடினால் 0.35 யூனிட். தூண்டல் அடுப்பில் இரவுச் சமையல் ஒன்றரை, இரண்டு யூனிட். ஓர் அறைக் குளிரூட்டி மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய மூன்று. விளக்கு, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்த்தும் எட்டைத் தாண்டாத வீட்டுக்கு 30 யூனிட் மின்கலம் எதற்கு? குளிர்காலத்தில் அதை நிரப்ப உங்கள் கூரைக்கு வலு இருக்காது. வெந்நீர்த் தொட்டியை நண்பகலில் சூடாகும்படி மாற்றுவது பல வீடுகளில் மின்கலத்தை விட மலிவான சேமிப்பு. இதை விற்பனையாளர் தாமாகச் சொல்வது அரிது.

கொள்ளளவு வேறு, திறன் வேறு. பத்து யூனிட் கொண்ட மின்கலம் ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாட் மட்டுமே தரக்கூடும். கேத்தல் 2.2, அவன் 2.4, குளிரூட்டி 1.5, மூன்றும் ஒன்றாக ஓடினால் ஆறைத் தாண்டிவிடும். சாதாரண நாளில் மீதி தெருவிலிருந்து வரும். மின்தடை நாளில் காப்புச் சுற்று முழுவதும் நின்றுவிடும்.

மின்கலத்தின் வேதியியலில் இப்போது குழப்பம் அதிகமில்லை. லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையைக் கேளுங்கள். நிக்கல் கலந்த வகையை விட அது கனமானது. ஆனால் வெப்பத்தில் கட்டுமீறுவது குறைவு. பெயர்ப்பலகையில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 5.12 யூனிட். அதில் பயன்படுத்தக்கூடியது எவ்வளவு என்பதே நீங்கள் விலை கொடுக்கும் அளவு. உத்தரவாதத்தில் பத்து ஆண்டு என்ற எண்ணோடு, அப்போது எத்தனை விழுக்காடு கொள்ளளவு எஞ்சும் என்பதையும் படியுங்கள்.

இன்வெர்ட்டரும் மின்கலமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. மின்கலத்தின் மேலாண்மைச் சுற்று நிறுத்தச் சொன்னால் இன்வெர்ட்டர் மின்னேற்றத்தை நிறுத்த வேண்டும். இரு தயாரிப்பாளர்களின் பொருத்தப் பட்டியலிலும் அந்த இணை இல்லையென்றால் வாங்காதீர்கள். பழைய சூரிய இன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அதை விட்டுவிட்டு, தனக்கென இன்வெர்ட்டர் கொண்ட மின்கலத்தைச் சேர்க்கலாம். சிறிது மின்சாரம் கூடுதலாக வீணாகும், அவ்வளவே.

இணையத்தில் மலிவான கலங்களை வாங்கித் தாமே கோக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். 51.2 வோல்ட்டில் ஐந்து கிலோவாட் எடுத்தால் கம்பியில் ஓடுவது ஏறத்தாழ 98 ஆம்பியர். அந்த நேர்மின்னோட்டத்தில் தளர்ந்த ஒரு திருகாணியில் எழும் மின்பொறி, வீட்டு மாறுமின்னோட்டத்தில் போல எளிதில் அணையாது. சாதாரண உருகி அதைத் துண்டிக்காது. உறங்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அல்ல இது.

எங்கே வைப்பது என்பதற்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 5139 என்ற தரநியமம் உண்டு. படுக்கையறை, வரவேற்பறை போன்ற வாழும் அறைகளிலும், கூரையின் உட்பகுதியிலும், படிக்கட்டின் கீழும், வெளியேறும் வழியிலும் கூடாது. மேற்கு வெயில் படும் சுவரையும் தவிர்ப்பது நல்லது. இங்குள்ள ஜனவரி வெப்பத்தை நீங்கள் அறிவீர்கள்.

அரசின் சலுகை பெற, சூரியத் தகடுகளுடன் இணைந்த மின்கலம் 5 முதல் 100 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். கிளீன் எனர்ஜி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். சோலார் அக்ரெடிடேஷன் ஆஸ்திரேலியாவின் சான்றிதழ் பெற்றவரே பொருத்த வேண்டும். சலுகை காலப்போக்கில் குறைந்து வரும். அதைச் சொல்லி இன்றே கையெழுத்துக் கேட்பவரிடம், இரண்டாவது விலைமதிப்பீடு வந்தபின் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். இப்போது உங்கள் மின்கட்டணச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வீடுகளின் இரவுக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம்.