மீந்த நூலும் பாதியில் நின்ற பூவேலையும்



நகரியில் ஒரு வீடு. ஒரு பேச்சுக்கு அப்படி வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்குகிறாள். உள்ளே ஒரு மேட்டித் துணி. அதில் இரண்டு ரோஜாப் பூ முழுதாக இருக்கிறது. மூன்றாவது பூ பாதியில் நிற்கிறது. கூடவே ஒரு பை நிறைய நூல். சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம் சிக்கலாய்க் கிடக்கின்றன.

"ஏம்மா, இது எத்தனை வருஷமா இப்படியே கிடக்கு?" என்று மாமியார் கேட்கிறார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது அத்தை. பச்சை நூல் தீந்துபோச்சு. அப்புறம் நேரமே இல்லே."

நூல் இல்லை, நேரம் இல்லை. பல வீடுகளில் பூவேலை நின்றுபோவது இந்த இரண்டு காரணங்களால்தான். முதலில் நூலைப் பார்ப்போம்.

நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கம் நெசவுக் குடும்பங்கள் நிறைய உண்டு. 2022இல் மாவட்டம் பிரிந்தது. நகரி சித்தூரோடு நின்றது. புத்தூரும் நாராயணவனமும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. ஆனால் நூலின் அருமை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். கைத்தறியில் ஒரு பாவு முடியும்போது நெசவாளர் பழைய இழைகளை உருவி எறிவதில்லை. ஒவ்வொரு பழைய இழையோடும் ஒரு புது இழையைப் பிணைக்கிறார். ஆயிரக்கணக்கான இழைகள்! வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து பிணைப்பார்கள். கடைசியில் வெட்டி எடுக்கும் துண்டு நூலும் வீணாவதில்லை. அது மெக்கானிக் கடைக்குக் கை துடைக்கப் போகும்.

வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் காந்தா என்ற போர்வை செய்தார்கள். தைக்க நூல்? பழைய புடவையின் கரையிலிருந்தே இழையை உருவினார்கள். கடைக்கே போகவில்லை.

நம் மருமகளின் பைக்கு வருவோம். முதலில் சிக்கை எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் ஒரு அட்டைத் துண்டில் சுற்ற வேண்டும். நூல் கட்டின் காகிதத்தில் ஒரு எண் இருக்கும். அது நிறத்தின் எண். எழுதப் படிக்கக் கற்றவர்கள் அந்த எண்ணை அட்டையில் எழுதி வைக்கலாம். "அதே பச்சை கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒரு பச்சையைக் கொடுப்பார். எண்ணைச் சொன்னால் சரியான பச்சை கிடைக்கும். உல்லன் கட்டு சிலவற்றில் இரண்டாவது எண்ணும் இருக்கும். எந்தத் தடவை சாயம் ஏற்றியது என்பதைக் காட்டும் எண் அது. அது மாறினால் நிறமும் கொஞ்சம் மாறலாம்.

இனி கணக்கு. ஒரு முழ நூலை எடுத்துத் தைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை கட்டம் நிரம்புகிறது? 20 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 300 கட்டம் பாக்கி. அப்படியானால் 15 முழம் வேண்டும். எம்பிராய்டரி நூல் கட்டு ஒன்று 8 மீட்டர், சுமார் 17 முழம். அதில் 6 இழை இருக்கும். இரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் ஒரு முழம் மூன்று முழமாகும். 15 முழத்துக்கு 5 முழமே போதும். முழுக் கட்டு வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம்!

நூலை ஒரு முழத்துக்கு மேல் நீளமாக வெட்டக் கூடாது. துணிக்குள் போய்ப் போய் வந்தால் நூல் நைந்துவிடும். பழைய சிவப்பு நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பதும் நல்லது. சாயம் இறங்குகிறதா? அப்படியானால் அந்த நூல் வேண்டாம். இரண்டு பூவும் சேர்ந்து பாழாகும்.

நீலகிரித் தோடர் பெண்கள் துணியில் படம் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் பூவேலை செய்கிறார்கள். மேட்டித் துணியும் அப்படித்தான். எண்ணத் தெரிந்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மீந்த உல்லனில் பிள்ளைக்குக் குல்லாய் பின்னலாம். மார்கழியில் திருமலை போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கடையில் உல்லன் என்று விற்பதெல்லாம் ஆட்டு ரோமம் அல்ல. ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பார்க்கலாம். மயிர் கருகும் வாசனை வந்து சாம்பல் பொடியானால் அது ரோமம். உருகிக் கெட்டியான உருண்டையானால் அது செயற்கை நூல். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை அடுப்பருகே போகக் கூடாது.

எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிடிக்காத பூவேலையைப் பிரித்து நூலை எடுத்துக்கொள்வதில் தப்பே கிடையாது.

இனி நேரம். ஆந்திராவின் நரசாபுரம் பக்கம் பெண்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் குரோஷா ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். அது கப்பலேறி வெளிநாடு போனது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1982இல் வந்தது. பெண்கள் மணிக்கணக்காக உழைத்தார்கள். ஆனால் "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது" என்று சொல்லி மிகக் குறைந்த கூலியே கொடுத்தார்கள். நூல் விலையைக் கணக்கில் எழுதினார்கள். பெண்ணின் நேரத்தை யாரும் எழுதவில்லை.

நம் மருமகள் ஒரு நோட்டு எடுத்தாள். இன்று எத்தனை மணி தைத்தாள் என்று எழுதத் தொடங்கினாள். பக்கத்து வீட்டார் விலைக்குக் கேட்டால் சொல்ல வேண்டுமே! முதல் நாள் எழுதியது அரை மணி. மாமியார் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"சாயங்காலம் மாவு நான் அரைக்கிறேன். நீ போய்த் தை."

மறுநாள் நோட்டில் ஒன்றரை மணி.