கொல்லன் பெயர் நின்றதும் வென்றதும்



ஆங்கிலக் குடிப்பெயர்களுள் உலகின் காதில் மிகுதியாக விழுவது சிமித்து என்பதாகும். இங்கிலாந்திலும் அமெரிக்க ஒன்றிய நாடுகளிலும் எண்ணிக்கையால் முதலிடம் பெற்றது அதுவே. 2010 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கில் அப்பெயர் பூண்டோர் 24 இலக்கத்திற்கும் மேற்பட்டோர். இத்துணைப் பெருந்தொகையினர் ஒரே முன்னோன் வழிவந்தவர் அல்லர். சிமித்து என்றால் கொல்லன். கொழுவும் அரிவாளும் குதிரைக் குளம்பின் இலாடமும் வேண்டாத ஊர் இல்லை; ஆகவே, கொல்லன் இல்லாத ஊரும் இல்லை. ஊர்தோறும் கொல்லர் வழியினர் தனித்தனியே பெற்ற பெயர் அது.

அடித்தலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஒன்றிலிருந்து இப்பெயர் பிறந்ததென்று கூறுவாரும் உளர். ஒலியொப்புமை கண்டு மயங்கிய கூற்று அது. பழைய ஆங்கிலத்திலேயே கைவினைஞன் என்னும் விரிந்த பொருளில் இச்சொல் வழங்கியது. செருமானியம், டச்சு, சுவீடியம் ஆகிய உடன்பிறப்பு மொழிகளிலும் இதன் இணைச்சொற்கள் இன்றளவும் உள்ளன. 4 ஆம் நூற்றாண்டில் கோத்திய மொழியில் ஆக்கப்பெற்ற கிறித்தவ மறைநூல் பெயர்ப்பில் செம்புக் கொல்லனைக் குறிக்கும் சொல்லின் பின்னுறுப்பும் இதுவே. கொல்லன் என்னுஞ் சொல் பொன்னொடு கூடிப் பொற்கொல்லன் ஆதல் போல, ஆங்கிலத்திலும் இச்சொல் பொன்னொடு கூடிக் கோல்டுசிமித்து எனவும், அம்பொடு கூடி ஆரோசிமித்து எனவும் குடிப்பெயர்களாகக் கிளைத்தது.

இப்பெயர் எளிதாக நின்றுவிடவில்லை என்பதே எண்ணத்தக்கது. 1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஏறியமர்ந்தது. ஏடுகளில் இலத்தீன் ஆண்டது. நாட்டின் நிலத்தையும் குடியையும் கணக்கெடுத்த 1086 ஆம் ஆண்டுப் பேரேட்டில் கொல்லன் தன் மொழியில் கொல்லனாக இல்லை; பாபெர் என்னும் இலத்தீனச் சொல்லாகவே எழுதப்பெற்றான். எழுதுவோனுக்கு ஒரு மொழி. உழுவோனுக்கும் உலையூதுவோனுக்கும் வேறொரு மொழி. இதுவே அன்றைய நிலை.

வழிவழியாக வரும் குடிப்பெயர் வழக்கம் நார்மானியப் பெருநிலக்கிழாரிடம் தொடங்கிப் பொதுமக்களிடம் மெல்லப் பரவியது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி தண்டியபோது ஆள்தோறும் பெயரெழுத வேண்டியதாயிற்று. 1400 ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குடிப்பெயர் நிலைத்துவிட்டது. அதன்பின் கொல்லுத்தொழிலை விட்டவனும் சிமித்து என்றே அழைக்கப்பட்டான்.

இந்த முந்நூற்றாண்டுக் காலத்தில் எல்லாச் சொற்களும் தப்பவில்லை. தையல் தொழிலோனைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் சீமர் என்னும் சொல் இருந்தது. நார்மானியர் கொணர்ந்த பிரெஞ்சுச் சொல் அதன் இடத்தைப் பறித்துக்கொண்டது. இன்று டெய்லர் என்னும் குடிப்பெயர் தாங்கியோர் எண்ணற்றோர்; சீமர் என்போரோ அரியர். ஆடை தைப்போன் பெருமக்களின் வாயிலில் நின்று அவர்தம் சொல்லை ஏற்றான். கொல்லனோ ஊர்மக்களின் நடுவே நின்றான். அவர்கள் அழைத்தவாறே நிலைத்தான் எனக் கருத இடமுண்டு. 1362 ஆம் ஆண்டில் வழக்குமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காடச் சட்டம் பிறந்தது. அப்பொழுதும் பதிவு இலத்தீனத்திலேயே நடந்தது. அது நீங்கியது 1733 ஆம் ஆண்டிலேதான். ஏடு பாபெர் என்றெழுத, ஊர் சிமித்து என்றே அழைத்தது. இறுதியில் வென்றது ஊரின் வாய்.

அன்பர்களே! இவ்வளவோடு நிறுத்தினால் இது வெற்றி வரலாறு. ஆயின் மற்றொரு பக்கமும் உண்டு.

1465 ஆம் ஆண்டில், நான்காம் எட்வர்டு அரசனின் ஆட்சியில், அயர்லாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. டப்ளினைச் சூழ்ந்து ஆங்கிலர் கைப்பட்டிருந்த நான்கு மாவட்டங்களில் வாழும் ஐரியர் ஆங்கிலர்போல் உடுத்த வேண்டும். ஆங்கிலக் குடிப்பெயரும் பூணவேண்டும். ஊர்ப்பெயரோ, நிறப்பெயரோ, தொழிற்பெயரோ கொள்ளலாம். தொழிலுக்கு அச்சட்டம் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று சிமித்து! மறுப்போர்க்கு ஆண்டுதோறும் உடைமை பறிப்பு.

ஐரிய மொழியில் கொல்லனைக் கபா என்பர். கொல்லன் மகன் என்னும் பொருளில் மக்கவன் என்னும் குடிப்பெயர் அங்குத் தொன்றுதொட்டு வழங்கியது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சி பரவப் பரவ, அக்குடியினர் பலர் சிமித்து என்று மாறினர். கேவன் மாவட்டத்தில் இன்றும் சிமித்து என்னும் பெயர் மிகுதி. அவருட் பலர் ஐரியக் கொல்லரின் வழியினரே. பொருள் மாறவில்லை, மொழி மாறியது. எனவே, தம் முன்னோர் யாரென்பதைப் பெயரே அவர்களுக்குச் சொல்லாமற் போயிற்று. ஒலியைக் காத்து எழுத்தை மட்டும் வளைத்து மெக்கோவன் எனக் கொண்டோரோ வேரை இழக்கவில்லை.

1892 ஆம் ஆண்டு நவம்பர் 25 அன்று டப்ளினில் டக்ளசு ஐடு என்னும் அறிஞர், அயர்லாந்தை ஆங்கிலப் படிவினின்று நீக்குதல் பற்றிப் பேருரை ஆற்றினார். ஐரியர் தம் பெயர்களைத் தாமே ஆங்கிலப்படுத்திக்கொள்வதை அவ்வுரையில் கடிந்தார். மறு ஆண்டே ஐரிய மொழியை மீட்கக் கழகம் ஒன்று தோன்றியது. அவரே அதன் முதல் தலைவர். 1938 இல் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகவும் அமர்ந்தார்.

நார்மானியரின் ஏட்டுக்கு மசியாத பெயர், நானூறாண்டு கழித்து அயலவன் பெயரை அழிக்கும் கருவியாயிற்று. தன் சொல்லைக் காத்தவன் பிறன் சொல்லைப் பறித்தான். காத்தது பெருமை, பறித்தது சிறுமை. இரண்டையும் ஒரே பெயர் சுமந்து நிற்கிறது. தாய்மொழிப் பெயரை ஏடு அழிக்க முற்படலாம். சட்டம் அழிக்க முற்படலாம். அழைக்கும் வாய் மறவாத வரை அது அழியாது. அழைப்பவனே நாணி விடுத்தால், அதனைக் காக்க எவராலும் இயலாது.