வாய்தாக்களின் கணக்கு

 

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு லாரி கிளீனரின் வழக்கு வந்தது. சரக்குக்கு அடியில் கஞ்சா மூட்டைகள். உரிமையாளர் தலைமறைவு, கிளீனர் சிறையில். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் வணிக அளவு, போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஜாமீனுக்குக் குறுக்கே வந்துவிடும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே போய்க் குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். ஒரு சாட்சிகூட விசாரிக்கப்படாத வழக்கில் அதை எதை வைத்துக் காட்டுவது? மனுக்கள் தள்ளுபடியாயின.

சீனியர் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிரே காரணத்தை எழுதச் சொன்னார். ஆய்வக அறிக்கை வரவில்லை. மகஜர் சாட்சி வரவில்லை. விசாரணை அதிகாரிக்கு மாற்றல். கைதியை அழைத்துவரப் போலீஸ் இல்லை. கிளீனர் தரப்பு கேட்ட வாய்தா ஒன்றுகூட அதில் இல்லை. அந்தப் பட்டியலை உயர் நீதிமன்றத்தில் வைத்தோம். ஜாமீன் கிடைத்தது.

ஹுசைனாரா காத்தூன் வழக்கை மாணவர் விடுதியில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குற்றம் நிரூபணமானாலும் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் பீகார் சிறைகளில் கிடந்தவர்களின் வழக்கு அது. விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று 1979இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 இறுதியில் நம் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். இந்தக் கணக்கு எனக்குக் கோபமூட்டுகிறது.

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ரவீந்திர பட், தீபங்கர் தத்தா அமர்வு, 23 வயதில் கைதாகி ஏழு ஆண்டுக்கும் மேல் உள்ளே இருந்த ஒருவரைக் கஞ்சா வழக்கில் ஜாமீனில் விட்டது. விசாரணை அளவுமீறித் தாமதமானால் 37ஆம் பிரிவு ஜாமீனுக்குத் தடையாகாது என்றது.

போதைப்பொருளால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் வேதனையை நான் அறிவேன். குற்றம் செய்தவருக்குப் பத்தாண்டோ இருபதாண்டோ தண்டனை கிடைக்கட்டும். அதை விசாரித்து முடித்த பிறகு கொடுங்கள். ஜாமீனில் போனவர் விடுதலையானவர் அல்லர். வழக்கு அவர்மீது அப்படியே இருக்கிறது.

இன்று சட்டப் பட்டம் பெறும் இளைஞர்களே, உங்கள் முதல் ஜாமீன் மனுவில் தீர்ப்புகளை அடுக்குவதற்கு முன் வாய்தாத் தேதிகளை எழுதுங்கள். யாரால் தள்ளிப்போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். உங்களில் அரசு வழக்கறிஞராகப் போகிறவர்கள், மனுவை எதிர்க்க எழும் முன் அதே பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு எழுங்கள்.