கணிப்பதற்கும் காட்டுவதற்கும் ஏற்ற களம் எது?

(சங்கத்தின் வாராந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விஞ்ஞானக் கணிப்புக்கான நிரல்களை எழுதி ஓட்டும் மென்பொருட்களைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். இது எமக்கு எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். உங்கள் பிள்ளைகளின் பட்டப்படிப்பு ஆய்வுகள் பல இன்று இவற்றிலேதான் நடைபெறுகின்றன. அவ்வாய்வின் முடிவை நம்பலாமா என்பது இவற்றைக் கையாளும் முறையிலும் தங்கியிருக்கிறது. ஆதலாற் சிறிது பொறுத்துக் கேட்பீர்களாக.

வரைபு எதற்கு என்பதை முதலிற் சொல்லிவிடுவோம். 1973 இல் பிரான்சிஸ் அன்ஸ்கொம் என்ற புள்ளிவிபர அறிஞர் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிற்கும் சராசரி ஏறக்குறைய ஒன்றே. பொருந்தும் நேர்கோடும் ஒன்றே. எண்களை மட்டும் பார்ப்பவன் நான்கும் ஒன்றென்றே சாதிப்பான். வரைந்து பார்த்தாலோ, ஒன்று வளைகோடு. இன்னொன்றில் ஒரேயொரு புள்ளி விலகிநின்று கோட்டையே சரித்துவிடுகிறது. ஆகவே கணிப்பதும் வரைவதும் ஒரே மேசையில் நடக்கவேண்டும். அம்மேசையையே இங்கு களம் என்கின்றோம்.

மற்லாப் இவற்றுள் மூத்தது. 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிளீவ் மோலர், தம் மாணவர் போற்றான் மொழியோடு மல்லாடாமல் தாயக் கணிதம் செய்யட்டும் என்று ஆக்கியது. 1984 இல் அது கம்பனியின் பண்டமாயிற்று. பொறியியல் மாணவருக்கு அதன் சிமுலிங்க் பகுதி பெருந்துணை என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் பல்கலைக்கழகம் பெற்றுத்தரும் அனுமதி, மாணவனாய் இருக்கும் வரையிலேதான் செல்லும். பட்டம் பெற்று வெளியேறியவன் தன் சொந்த ஆய்வையே மீண்டும் ஓட்டிப்பார்க்கக் காசு கட்டவேண்டும் என்றால் அது என்ன நியாயம்? அவனுக்கு ஒக்டேவ் உண்டு. ஜோன் ஈற்றன் என்பவர் 1992 இல் எழுதத் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், மற்லாப் நிரல்களிற் பலவற்றை அப்படியே ஏற்கும், சிமுலிங்கை ஏற்காது.

புள்ளிவிபரமே தொழிலாகக் கொண்டோர் ஆர்ஸ்ரூடியோவை நாடுவர்; அவர்களுக்கு அது போதும்.

பைதன் மொழியிலோ இரண்டு களங்கள் போட்டியிடுகின்றன. 2001 இல் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த பெர்னாண்டோ பெரஸ் தொடங்கிய முயற்சி, 2014 இல் ஜூப்பிற்றர் எனப் பெயர் பெற்றது. இது குறிப்பேட்டு வடிவம்: விளக்கம், நிரல், வரைபு மூன்றும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கும். உலாவியில் தோன்றுவதால் இணையம் வேண்டுமென்று பலர் மயங்குகின்றனர். சொந்தக் கணினியில் நிறுவிவிட்டால் வேண்டியதில்லை. 2015 செப்டெம்பர் 14 ஆம் திகதி முதன்முதலிற் பதிவான ஈர்ப்பலையின் தரவை லைகோ ஆய்வாளர் வெளியிட்டபோது, எவரும் தாமே கணித்து வரைந்து பார்க்கும்படி இத்தகைய குறிப்பேட்டையும் உடன் வைத்தனர். கல்விக்கு இதனினும் பெரிய கொடை ஏது?

ஆயினும் இதிலே ஒரு கண்ணி உண்டு. குறிப்பேட்டின் கட்டங்களை எந்த ஒழுங்கிலும், எத்தனை முறையும் ஓட்டலாம். செல்சியஸ் அளவுகளைக் கெல்வினாக்க 273 ஐக் கூட்டும் கட்டம் ஒன்றிருக்கிறது என்க. மறதியாக அதனை இருமுறை அழுத்தினால் 546 கூடிவிடும். தாளிலோ ஒருமுறை கூட்டியதாகவே தெரியும். கட்டத்தை அழித்தாலும் கூட்டியது நினைவகத்திற் கிடக்கும். 2019 இல் வெளியான ஓர் ஆய்வு, பொதுவில் வைக்கப்பட்ட குறிப்பேடுகளைப் பெருந்தொகையாக ஓட்டிப்பார்த்தது. வழுவின்றி ஓடி முடிந்தவை ஏறக்குறைய நூற்றுக்கு 24. முன்னைய விடையையே மீண்டும் தந்தவை நூற்றுக்கு 4 மாத்திரமே! நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் ஆய்வுகூடக் கொப்பியின் தாளைக் கிழிக்கவும் விடார், அழிக்கவும் விடார். பிழையை ஒரு கோட்டால் வெட்டி அப்படியே விடவேண்டும். அக்கண்டிப்பு இக்குறிப்பேட்டில் இல்லை.

ஸ்பைடர் 2009 இல் வெளிவந்தது; இதுவும் இலவசமே. நிரல் ஒரு கோப்பில் நிற்கும். மேலிருந்து கீழாக முழுவதும் ஓடும். மாறிகளின் பெறுமானங்களை ஒரு பக்கத்தில் அட்டவணையாகக் காணலாம். மற்லாப் பழகியவருக்கு வீடு மாறியதாகவே தோன்றாது. இங்கும் பழைய மாறிகள் நினைவகத்தில் தங்கும் என்பது உண்மையே; ஓட்டுமுன் அவற்றை அகற்றும்படி அமைத்துவிடலாம். வரைபுக்கு இரண்டிலும் மற்புளொட்லிப் உதவும். வலிப்பு நோயாளரின் மூளை மின்பதிவுகளைக் காட்டவென ஜோன் ஹன்ரர் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஆக்கத் தொடங்கி, 2003 இல் உலகுக்கு இலவசமாக வழங்கியது அது. 2012 இல் அவர் காலமானார். இன்றும் அது விஞ்ஞானச் சஞ்சிகைகளில் வரைபுகளை வரைந்துகொண்டிருக்கிறது.

எம் முடிவு இதுவே: தேடும்போது ஜூப்பிற்றர், தேடியதை நிலைநாட்டும்போது ஸ்பைடர். குறிப்பேட்டையே விரிவுரையாளரிடம் கொடுக்க வேண்டுமாயின், நினைவகத்தை வெறுமையாக்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டியபின்பே கொடுங்கள். மடிகணினி வைத்திருக்கும் அங்கத்தவர்கள் அடுத்த கூட்டத்திற்கு அதனைக் கொண்டுவந்தால், இரண்டையும் நிறுவித்தர ஆயத்தமாயிருக்கின்றோம்.